எல்லை மங்கியது யாருக்கு?

சர்வதேச அரசியலில் இன்று ஆய்வேடு எழுத உட்காரும் மாணவர் முதல் அத்தியாயத்திலேயே ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்தாக வேண்டும். உள்நாடு, வெளிநாடு என்ற பிரிவு கரைந்துவிட்டது. போர் எது, அமைதி எது என்று சொல்ல முடியாது. அரசும் அரசல்லாததும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டன. அடையாளங்கள் எல்லாமே கலப்பு. இதைச் சொன்னால் நெறியாளர் தலையசைப்பார். சொல்லாவிட்டால், 'இன்னும் பழைய காலத்திலேயே இருக்கிறீர்களே' என்பார். முப்பது ஆண்டுகளுக்கு முன் கலகக் குரலாக ஒலித்தது இப்போது சம்பிரதாயம்.

கலகக் குரலாக இருந்தபோது அதற்கு நியாயமும் இருந்தது. கென்னத் வால்ட்ஸ் 1979இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் உலகத்தை ஒரே அச்சில் வார்த்த அரசுகளின் கூட்டமாகப் பார்க்கப் பழகின. ஒரு நாட்டுக்குள் யார் யாரை என்ன செய்கிறார்கள் என்பது கணக்கிலேயே வராது. ஆர்.பி.ஜே. வாக்கர் 1993இல், உள்ளே வெளியே என்ற பிரிவே அரசியல் கட்டியெழுப்பியதுதான் என்று காட்டினார். மறு ஆண்டு ஜான் ஆக்னியூ, நிலப்பரப்பையே அரசு என்று எடுத்துக்கொள்வது ஆய்வாளர் தானே போய் விழுகிற பொறி என்றார். அதே 1994இல் ஹோமி பாபாவின் புகழ்பெற்ற நூலும் வந்தது. ஆள்பவருக்கும் ஆளப்படுபவருக்கும் நடுவில் விளைகிற கலப்பு, ஆள்பவரின் அதிகாரத்தையே தடுமாற வைக்கிறது என்பது அவர் வாதம். தேவைப்பட்ட அடிகள்தான் எல்லாம். 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையோடு இறையாண்மை அரசுகள் முழுசாக முளைத்து வந்தன என்ற பாடப்புத்தகக் கதையை இன்று யார் நம்புகிறார்கள்? நானும் நம்பவில்லை.

என் சண்டை அடுத்த படியோடு. கோடு இயற்கையில் இல்லை, யாரோ போட்டது என்றார்கள், சரி. அங்கிருந்து, கோடு மங்கிவிட்டது என்று ஒரு தாவல். அங்கிருந்து, மங்கியதில் விடுதலை இருக்கிறது என்று இன்னொரு தாவல். முதல் கூற்றுக்கு மலையளவு ஆதாரம் உண்டு. மற்ற இரண்டும் அதன் நிழலில் நின்று சோறு தின்கின்றன. கோடு தானாக மங்குவதில்லை. அதை ஒருவர் மங்கச் செய்கிறார். அப்படிச் செய்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது கடைசிவரை துல்லியமாகத் தெரிகிறது. எதிரில் நிற்பவருக்குத்தான் புகைமூட்டம். இந்த ஏற்றத்தாழ்வைக் கேள்வியாக்காத கலப்புக் கோட்பாடு, தெரிந்தோ தெரியாமலோ, புகை போட்டவருக்கு வக்காலத்து வாங்குகிறது.

மங்கலான எல்லைக்கு மாதிரி வேண்டுமென்றால் 2015க்கு முந்தைய கூச் பிஹாரைக் காட்டலாம். வங்கதேசத்துக்குள் இந்தியாவின் 111 துண்டு நிலங்கள். இந்தியாவுக்குள் வங்கதேசத்தின் 51. உள்ளூரில் இவற்றைச் சிட்மஹால் என்பார்கள். கூச் பிஹார் மன்னரும் ரங்பூர் ஃபௌஜ்தாரும் சதுரங்கத்தில் கிராமங்களைப் பணயம் வைத்து ஆடியதால் வந்த வினை என்பது ஊர்க்கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயருக்கும் கூச் பிஹாருக்கும் நடந்த சண்டையும் சமரசமும் விட்டுச்சென்ற மிச்சம் என்பது வரலாறு. மன்னர் காலத்தில் வரி யாருக்குக் கட்டுவது என்பதோடு விஷயம் முடிந்தது. 1947இல் நாட்டுப் பிரிவினைக்கான ராட்கிளிஃப் கோடு விழுந்தது. 1949இல் கூச் பிஹார் இந்தியாவோடு சேர்ந்தது. துண்டுகள் அந்நிய மண்ணுக்குள் மாட்டிக்கொண்டன. தஹலா காக்ராபாரி என்றொரு சணல் வயல், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுக்குள் இருந்த இந்திய நிலம் அது. பாபாவின் 'மூன்றாம் வெளி' என்று உருகுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய புண்ணியத்தலம் கிடைக்காது.

அங்கே குடியிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது? இந்தியத் துண்டில் பிறந்தவர் காகிதப்படி இந்தியர். ஆனால் இந்தியாவுக்குள் கால்வைக்க விசா வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு மனுப்போட இந்தியாவுக்குள் போயாக வேண்டும். போலீஸ் வராது, ஏனென்றால் வருகிற போலீஸ் அந்நிய நாட்டைத் தாண்டி வர வேண்டும். மின்கம்பி பக்கத்து ஊர்வரை வரும், துண்டுக்குள் இறங்காது. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வெளியூர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிற பெண், வேறொரு ஆணின் பெயரைக் கணவர் பெயராகச் சொல்லிப் படுக்கை வாங்க வேண்டும். வயலில் தகராறு வந்தால் எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. ஆள்பலம் உள்ளவன் சொன்னதே தீர்ப்பு. அடையாளம் கலந்து கிடந்தது என்பது நிஜம். அந்தக் கலப்பில் டெல்லியும் தடுமாறவில்லை, டாக்காவும் தடுமாறவில்லை. பெயர்ப் பதிவு மேசைக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிதான் தடுமாறினாள்.

அவர்கள் கேட்டதைக் கவனியுங்கள். சிட்மஹால் பரிமாற்றத்துக்காக அமைந்த குழு ஆண்டுக்கணக்கில் ஊர்வலம் போனது, உண்ணாவிரதம் இருந்தது. ஏதாவது ஒரு நாட்டுக்குள் எங்களைப் போடுங்கள் என்பதே கோரிக்கை. இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் 1974இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் நிறைவேற 41 ஆண்டுகள் ஆயின. இந்திய அரசமைப்பின் நூறாவது திருத்தம் அதற்காகவே வந்தது. 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலம் கைமாறியபோது, கடந்துபோன 68 ஆண்டுகளுக்கு 68 மெழுகுவர்த்திகள் ஏற்றினார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில், வங்கதேசத்திலிருந்து இந்தியாவுக்கு இடம்பெயர விரும்பியவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. இந்தியப் பக்கமிருந்து வங்கதேசம் போக ஒருவரும் முன்வரவில்லை. மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்கள். எந்தக் கொடி என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். ஏதோ ஒரு கொடிக்குக் கீழே பெயர் பதிவாக வேண்டும். வில்லம் வான் ஷெண்டல் போன்ற சிலர் இந்த மனிதர்களை வைத்து, நாடின்மை எப்படி உற்பத்தியாகிறது என்று நிதானமாக எழுதினார்கள். எல்லையோரக் கலப்பைக் கொண்டாடும் கட்டுரைகள் அந்தப் பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடுகின்றன.

'இது ஒரு விசித்திரமான விதிவிலக்கு' என்பார்கள். விதிவிலக்குதான், ஏனென்றால் இதை யாரும் திட்டமிடவில்லை. திட்டமிட்டுச் செய்த மங்கலுக்குப் போவோம்.

2014 பிப்ரவரி 27 விடியற்காலையில் சிம்ஃபெரொபோல் நகரில் கிரிமியாவின் நாடாளுமன்றக் கட்டடத்தை ஆயுதம் தாங்கியவர்கள் பிடித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் தீபகற்பம் எங்கும் இராணுவச் சீருடையில் ஆட்கள். சட்டையில் மட்டும் எந்த நாட்டுச் சின்னமும் இல்லை. மார்ச் 4ஆம் தேதி புதின் நிருபர்களிடம், அவர்கள் உள்ளூர்த் தற்காப்புப் படையினர், அந்த மாதிரிச் சீருடை கடைகளில் கிடைக்கும் என்றார். ஏப்ரல் 17ஆம் தேதி தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஆமாம், நம் படையினர்தான் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள் என்றார். இரண்டு தேதிகளுக்கும் நடுவில் கிரிமியா ரஷ்யாவோடு சேர்க்கப்பட்டாகிவிட்டது. இதில் மங்கல் எங்கே? தோள்பட்டைச் சின்னத்தைக் கழற்றச் சொல்லி யாரோ உத்தரவு போட்டிருக்கிறார். கழற்றிய சிப்பாய்க்குத் தான் யார் என்பதில் குழப்பமே இல்லை.

ஆனால் துறை என்ன செய்தது? 'ஹைபிரிட் போர்', அதாவது கலப்புப் போர், என்று பெயர் வைத்தது. ஃபிராங்க் ஹாஃப்மன் 2007 வாக்கில் பரப்பிய சொல் அது. 2006 லெபனான் போரில் ஹிஸ்புல்லா சண்டையிட்ட முறையை விளக்க அவருக்கு அது பயன்பட்டது. 2014க்குப் பிறகு நேட்டோ அதை வாரி அணைத்துக்கொண்டது. ரஷ்யத் தளபதி கெராசிமோவ் 2013இல் எழுதிய ஒரு கட்டுரையை எடுத்து 'கெராசிமோவ் கோட்பாடு' என்று மார்க் கலியோட்டி பெயர் சூட்ட, அது காட்டுத்தீயாகப் பரவியது. அந்தக் கட்டுரை மேற்கு நாடுகள் இப்படித்தான் செய்கின்றன என்ற ரஷ்யத் தரப்பின் புகார்ப்பட்டியல். போர்த் திட்டம் அல்ல. 2018இல் கலியோட்டியே அந்தப் பெயரை உருவாக்கியதற்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஒரு தலைப்பைச் சுற்றி ஒரு துறையே நான்கு வருடம் கருத்தரங்கு நடத்தியிருக்கிறது! (அந்தக் கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள் எண்ணிக்கையை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.)

போருக்கும் அமைதிக்கும் நடுவிலான கோடே போய்விட்டது என்று நம்பியவர்கள் நீதிமன்றங்களைப் பார்த்திருக்கலாம். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். சுட்டவர்கள் அரசா, அரசல்லாதவர்களா? கோட்பாட்டாளருக்கு இது முடிவில்லாத புதிர். நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பர் 17 அன்று மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. 2014 மே நடுப்பகுதியிலிருந்தே தோனெட்ஸ்க் பிரிவினைவாதிகள் மீது ரஷ்யாவுக்கு ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு இருந்தது என்று தேதி வைத்துச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. போரில் சண்டையிடும் சிப்பாய்க்கு உரிய சட்டப் பாதுகாப்பு இவர்களுக்குக் கிடையாது, ஏனென்றால் இவர்கள் தன் படையினர் என்பதை ரஷ்யாவே மறுத்துவந்திருக்கிறது என்றது. சின்னத்தைக் கழற்றியதன் விலை கழற்றியவர்கள் தலையிலேயே விடிந்தது. 2025 ஜூலை 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், விமானம் வீழ்த்தப்பட்டதற்கு ரஷ்யாவே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. மூட்டத்துக்குள் நடந்து போய், சாட்சியும் தொலைபேசிப் பதிவும் புகைப்படமும் வைத்து, கோடு இங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்ட முடியும். வருடங்கள் பிடிக்கும். நிறைய வேலை. கலந்துவிட்டது என்று எழுதிவிட்டால் அந்த வேலை மிச்சம்.

ரஷ்யாவை மட்டும் சொன்னால் ஒருதலைப்பட்சம். இந்தக் கலையின் மூத்த வாத்தியார் அமெரிக்கா. குவான்டனாமோ விரிகுடாவுக்கான 1903 குத்தகைப்படி அங்கே இறுதி இறையாண்மை கியூபாவுக்கு. முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு. வருட வாடகை பின்னாளில் 4,085 டாலர் ஆனது. காஸ்ட்ரோ அந்தக் காசோலைகளை மாற்றாமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தார். 2002 ஜனவரியில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு, இது அமெரிக்க மண் அல்ல, ஆகவே இவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தை அணுக முடியாது என்று அமெரிக்க அரசின் வழக்கறிஞர்களே வாதிட்டார்கள். கைதிகள் போர்க்கைதிகளும் இல்லையாம், சாதாரணக் குடிமக்களும் இல்லையாம். நடுவில் ஒரு வகையாம். உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை முழுவதுமாக உடைத்துப்போட 2008 ஆயிற்று. இடைவெளி, விளிம்பு, இரண்டும்கெட்டான் நிலை: பின்காலனியக் கட்டுரைகள் ஏங்கித் தவிக்கிற அத்தனையும் பென்டகன் அங்கே கட்டிவைத்திருந்தது, முள்கம்பியோடு.

தமிழர்களுக்கு இன்னும் அருகில் ஒரு வழக்கு உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து இலங்கைத் தமிழர்கள் 157 பேர், குழந்தைகள் உட்பட, ஒரு படகில் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். ஜூன் 29 அன்று கிறிஸ்துமஸ் தீவுக்கு அருகே ஆஸ்திரேலிய எல்லைக் காவல் கப்பல் அவர்களைப் பிடித்தது. பிடித்த இடம்தான் விஷயம். 12 கடல் மைல் கொண்ட ஆட்புலக் கடலுக்கு வெளியே, 24 கடல் மைல் வரையான ஒட்டுமண்டலத்துக்கு உள்ளே. அங்கே ஆஸ்திரேலியா மறித்துச் சோதிக்கலாம். ஆனால் வந்தவர் ஆஸ்திரேலியாவுக்குள் வந்தவர் ஆகமாட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் அவர்களைக் கப்பலிலேயே, ஜன்னல் இல்லாத அறைகளில் அடைத்து வைத்தார்கள். கப்பல் இந்தியாவை நோக்கிப் போனது, திரும்பியது, கடைசியில் கோகோஸ் தீவில் இறக்கியது. அப்படி ஒரு படகு இருக்கிறதா என்ற கேள்விக்கே அமைச்சர் ஸ்காட் மோரிசன் நாள்கணக்கில் பதில் சொல்லவில்லை. கடல் நடவடிக்கைகள் பற்றிப் பேசமாட்டாராம். 2015 ஜனவரி 28 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்தக் காவல் சட்டப்படி சரி என்றது.

அதற்கு ஏறத்தாழ இரண்டு வருடம் முன்பே, 2013 மே மாதம், அதே நாட்டின் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. படகில் வந்து ஆஸ்திரேலியப் பெருநிலத்திலேயே கால்வைத்தாலும், விசா இல்லாதவர் வெளித் தீவில் இறங்கியவராகவே கருதப்படுவார். ஒரு கண்டம் முழுவதையும், சிலருக்கு மட்டும், அதன் எல்லைக்கு வெளியே தூக்கி வைத்த சட்டம்! சிட்னி விமான நிலையத்தில் விசாவோடு இறங்குகிறவருக்கு ஆஸ்திரேலியா அப்படியே இருந்த இடத்தில் இருக்கிறது. எல்லை நகர்கிறது, நெகிழ்கிறது, பல இடங்களில் ஒரே நேரத்தில் நிற்கிறது என்று எழுதுகிறவர்கள் இதை உதாரணமாக எடுத்துக்கொள்வதுண்டு. நகர்கிறது என்ற வினைச்சொல்லில்தான் கோளாறு. அது நகரவில்லை, பெயர் தெரிந்த உறுப்பினர்கள் வாக்களித்து நகர்த்தினார்கள்.

என்னை நோக்கி வரக்கூடிய வலுவான கேள்வி ஒன்று உண்டு: தெளிவான கோடும் ஆளைக் கொல்கிறதே? கொல்கிறது. அதே வங்க எல்லையில், 2011 ஜனவரியில், முள்வேலியைத் தாண்டிய பதினைந்து வயதுச் சிறுமியை இந்திய எல்லைக் காவல் படை சுட்டது; உடல் மணிக்கணக்கில் வேலியில் தொங்கியது. அஸ்ஸாமில் 2019இல் வெளியான குடிமக்கள் பதிவேடு 19 லட்சம் பேரை விட்டுவிட்டது. சிட்மஹால்களிலிருந்து இந்தியா வந்தவர்களும் தகரக் கொட்டகை முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் கிழித்த கோட்டுக்கு நான் ஆரத்தி எடுக்கவில்லை. ஆனால் இந்த அநியாயங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறது. பதிவேட்டிலிருந்து விடுபட்டவருக்கு எதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று தெரியும். அந்த மேல்முறையீடு தோற்கலாம், தோற்றதையும் ஆவணமாக்கலாம். மூட்டத்தை எதிர்த்து யார் பெயரில் வழக்குப் போடுவது? 157 பேரின் வழக்கறிஞர்கள் முதலில் தங்கள் கட்சிக்காரர்கள் கடலில் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே அல்லாடினார்கள்.

அமைதி ஆய்வு வட்டாரம் கலப்புக்கு ஒரு வெற்றிக்கதை வைத்திருக்கிறது: சோமாலியாவிலிருந்து பிரிந்து நிற்கும் சோமாலிலாந்து. 2008 வாக்கில் வோல்கர் போயெகெயும் நண்பர்களும் 'கலப்பு அரசியல் ஒழுங்கு' என்ற கருத்தை முன்வைத்தபோது அது முன்னணி உதாரணம். குலப் பெரியோர்கள் கூடும் குர்தி அவை, அதோடு தேர்தல், நாடாளுமன்றம். 1993இல் போராமா நகரில் மாதக்கணக்கில் பேசி உருவாக்கிய ஏற்பாடு. பாராட்டத் தகுந்ததுதான். ஆனால் அந்த மக்கள் தங்கள் உரிமையை எதன்மேல் நிறுத்துகிறார்கள்? பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் காலனியக் கோட்டின் மேல். 1960 ஜூன் 26 அன்று தனி நாடாகி ஐந்து நாளில் இத்தாலியப் பகுதியோடு இணைந்த அந்தப் பழைய எல்லையின் மேல். ஐரோப்பியர் கிழித்த கோடு எங்களுக்கு வேண்டும், உலகம் அதை அங்கீகரிக்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் கோட்டுக்குள் இருக்க விரும்பாத கிழக்குப் பகுதிக் குலத்தவர் 2023இல் லாஸ் அனோட் நகரில் ஆயுதம் எடுத்ததும் அதே கோட்டைப் பற்றிய சண்டைதான். கலப்பைப் பாராட்டிய கட்டுரைகளில் இந்த ஆசைக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே அதிகம்.

இனி நம் வீட்டு வாசலுக்கு. பாக் நீரிணையை ஒரு பொதுக் கடல், இரு கரைத் தமிழரும் கலந்து வாழ்ந்த வெளி, 1974இல் அரசுகள் அதில் செயற்கையாகக் கோடு போட்டுவிட்டன என்று எழுதுவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் இனிக்கும். வரலாறாக அதில் தவறில்லை. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா பொய்யில்லை. நம் மீனவர்கள் அங்கே சுடப்பட்டதும், சிறையில் வாடுவதும், படகுகள் பறிபோவதும் பொய்யில்லை. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு எந்த எல்லைக் கோடும் சமாதானம் ஆகாது. ஆனாலும் 'பாரம்பரியக் கடல்' என்ற மங்கலான சொல் இன்று யார் கையில் என்ன செய்கிறது? கடலடியைச் சுரண்டும் விசைப்படகின் இழுவைமடிக்கு அது வழி விடுகிறது. போர் முடிந்து, கடனை வாங்கிச் சின்ன ஃபைபர் படகும் வலையும் தேடிக்கொண்ட யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர் இரவில் போட்ட வலை காலையில் அறுந்து கிடக்கிறது. அறுத்ததும் தமிழர் படகு, இழந்ததும் தமிழர். ஒரே மொழி, பல குடும்பங்களில் ஒரே உறவு. கலப்புக்கு இதைவிட உயர்ந்த இலக்கணம் கிடையாது. அந்த வடக்கு மீனவர்கள் வருடா வருடம் தெருவில் இறங்கிக் கேட்பது, கோட்டைத் தாண்டி வராதீர்கள் என்று. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தபோது, அதற்கான தனிநபர் மசோதாவை முன்னெடுத்தவர் சிங்களக் கட்சிக்காரர் இல்லை. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன். பாக் நீரிணையை 'எல்லைகளற்ற தமிழ் வெளி' என்று கொண்டாடும் அடுத்த கருத்தரங்குக்குப் பருத்தித்துறையிலிருந்து வலை அறுபட்ட ஒருவரை அழையுங்கள். விசா எடுத்துத்தான் வர வேண்டியிருக்கும். அதற்கான கடிதத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.